எக்காளம் எடுத்த முடிவு

கழிவுநீர் நிலையத்து ஆபரேட்டர் காலையில் வேலைக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம் மோந்து பார்ப்பது. பெரிய தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை ஒருமுறை ஆழமாக இழுப்பாள். ஈர மண் வாடை வந்தால் எல்லாம் சுகம். அழுகிய முட்டை வாடை வந்தால் தொட்டிக்குக் காற்று ஊதும் குழாயில் எங்கோ அடைப்பு. பதினோரு வருஷத்தில் அந்த மூக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அடுத்தது கண்ணாடிக் குடுவை. ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை அதில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைப்பாள். பழுப்புக் கசடு அடியில் படியும். முந்நூறு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. அதற்கு மேல் ஏற ஏற ஆபத்து. அந்தக் கசடு வேறொன்றுமில்லை, கோடிக்கணக்கான ஒருசெல் உயிர்கள். ஊர் கழித்துவிடுவதையெல்லாம் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை அவைதான். தின்றவை சும்மா இருக்குமா? பெருகும். பெருகியதில் ஒரு பங்கைத் தினமும் வால்வைத் திறந்து காயப்போடும் களத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் கசடு தொட்டியை மீறி வழிந்து, வாய்க்கால் வழியாகக் கீழ்த்தெருவுக்கு வந்துவிடும். கீழ்த்தெருவில்தான் ஆபரேட்டரின் வீடு. வீட்டின் முன்பக்கத்தில் அவள் கணவனின் முடிதிருத்தும் கடை.

கடைசி வேலை நுண்ணோக்கி. ஒரு சொட்டை எடுத்துப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது நீலப்பச்சை நிறத்தில், ஊதுகுழல் வடிவத்தில், ஒரு துணுக்கைப் பற்றிக்கொண்டு ஆடும் ஓர் உயிர். அதற்கு அவள் வைத்த பெயர் எக்காளம். எக்காளம் தெரிந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். 'எக்காளம் உண்டு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வால்வைத் திறக்கப் போவாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை மண் விழுந்தது. உணர்வு நிர்ணய ஆணையம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். அந்த ஆணையத்தின் தலைவர் ஏதோ ஒரு கருத்தரங்கில் நன்றாகத் தூங்கி, கடைசி ஐந்து நிமிஷத்தில் விழித்துக்கொண்டாராம். அந்த ஐந்து நிமிஷத்தில் மேடையில் இருந்தவர், ஒருசெல் உயிர்கள்கூட முடிவெடுக்கின்றன, அவற்றுக்கு ஏதோ ஒருவகை உணர்வும் இருக்கலாம் என்று பேசியிருக்கிறார். தலைவர் மிச்சத்தைக் கேட்கவில்லை. மறுநாளே உத்தரவு புறப்பட்டுவிட்டது.

'ஒருசெல் உயிரிகளுக்கு முடிவெடுக்கும் திறன் உண்டா என ஆணையம் முடிவெடுக்கும் வரை, நிலையத்திலிருந்து எந்த உயிரியையும் வெளியேற்றவோ காயவைக்கவோ கூடாது.'

ஆபரேட்டர் இரண்டு முறை படித்தாள். குடுவை அன்று 320 காட்டியது.

"எத்தனை நாள் ஆகும் சார்?" என்று உத்தரவைக் கொண்டுவந்தவரைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"முடிவெடுக்க."

அவர் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஆணையம் அந்த வெள்ளிக்கிழமையே நேரில் வந்தது. தலைவர், சட்ட ஆலோசகர், தத்துவப் பேராசிரியர், இவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ள ஒரு ஸ்டெனோ. ஆபரேட்டரின் சின்ன ஆய்வறையிலிருந்த குடுவைகளை ஒதுக்கி, மேஜைக்கு விரிப்புப் போட்டு, பிஸ்கட் தட்டு வைத்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு வெளியிலிருந்து வந்தது. ஆபரேட்டர் கதவோரம் நின்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"முடிவெடுக்கிறதுன்னா விளையாட்டு இல்ல. எனக்கு முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் ஒரே ஒரு முடிவுகூட நான் எடுத்ததில்ல. அந்தப் பேரைக் காப்பாத்தினதாலதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நானே எடுக்காத ஒண்ணை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி எடுக்குதுன்னா, அதை எவ்வளவு ஜாக்கிரதையா விசாரிக்கணும்!"

மற்ற இருவரும் மேஜையைத் தட்டினார்கள்.

முதல் பிரச்சினையைச் சட்ட ஆலோசகர் கிளப்பினார். யாரைப் பற்றி விசாரிக்கிறோமோ அவர்களுக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். தொட்டிச் சுவரில் ஒட்டினார்கள். தொட்டிக்குள் இருப்பவை வெளிச்சுவரை எப்படிப் படிக்கும் என்று பேராசிரியர் கேட்டார். அது நியாயமாகப் பட்டதால், நோட்டீஸை நனையாத உறைக்குள் போட்டு, கல்லைக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார்கள். ஒரு வாரம் அவகாசம். குடுவை 410.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸை மேலே எடுத்தார்கள். கையெழுத்து இல்லை.

"வாங்க மறுத்துட்டதா எழுதிடலாம்," என்றார் சட்ட ஆலோசகர்.

"அவசரப்படாதீங்க," என்றார் பேராசிரியர். "மறுக்கணும்னா மனசுன்னு ஒண்ணு வேணும். மறுத்துச்சுன்னு எழுதினா உணர்வு இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

"அப்ப மறுக்கலைன்னு எழுதலாமா?"

"அப்ப வாங்கிக்கிச்சுன்னு ஆயிடுமே."

இதில் ஒரு காலைப்பொழுது போயிற்று. கடைசியில் 'நோட்டீஸ் நனைந்தது' என்று எழுதிக்கொண்டார்கள். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆபரேட்டர் மெல்ல முன்னால் வந்தாள். "சார், கசடு ஏறிட்டே போகுது. தினம் கொஞ்சம் எடுத்தாகணும். இல்லைன்னா கீழ்த்தெருவுக்குள்ள வந்துடும்."

"ஏம்மா, உன் தொட்டியில எத்தனை உயிர் இருக்கும்?"

"கோடிக்கணக்குல சார்."

"கீழ்த்தெருவுல?"

"நானூறு வீடு சார்."

தலைவர் கையை விரித்தார். "கோடி எங்க, நானூறு எங்க? பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மூன்றாவது அமர்வில் நேரடியாகச் சாட்சி விசாரிப்பது என்று ஏற்பாடாயிற்று. ஆபரேட்டர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து, நல்ல திடமான எக்காளம் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தாள். படம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. சட்ட ஆலோசகர் எழுந்து நின்று, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது என்று அதற்கு உறுதிமொழி வாசித்தார். எக்காளம் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று கேள்விகளைத் தயாரிப்பதிலேயே நேரம் போய்விட்டது. பன்னிரண்டு கேள்விகள். பேராசிரியர் ஒவ்வொன்றிலும் 'உணர்வு' என்ற சொல்லை அடித்து 'உணர்வு எனப்படுவது' என்று மாற்றினார். அதை ஸ்டெனோ சுத்தமாக எழுதி முடித்தபோது, சுவரில் இருந்த எக்காளம் நடுவில் ஒடுங்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு எக்காளங்களாக ஆடியது.

சட்ட ஆலோசகர் எழுந்து போய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல உறுதிமொழி எடுத்தது எது?" என்றார் சட்ட ஆலோசகர்.

ஆபரேட்டருக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "ரெண்டுமே சார். பாதிப் பாதி."

"பாதி உறுதிமொழி செல்லாதும்மா. பாதி உண்மை சொல்றவங்களுக்கு வேற விதி இருக்கு. அது எங்களை மாதிரி ஆட்களுக்கு மட்டும்தான்."

சாட்சியைச் சாட்சி சொல்லும் வயது வராதவர் என்று வகைப்படுத்திச் சபையைக் கலைத்தார்கள். பிறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லையே! குடுவை 580.

அன்று சாயங்காலம் அவள் கணவன் ஒரு வாடிக்கையாளரின் தாடைக்கு நுரை போட்டுக்கொண்டே கேட்டான். "வாய்க்கால்ல நுரை தெரியுதே, நான் கொட்டினதுன்னு தெருவுல சொல்றாங்க. உன் தொட்டியா?"

"ஆமாங்க."

"வால்வைத் திறக்கவேண்டியதுதானே?"

"திறந்தா வேலை போயிடும். உத்தரவு இருக்கு."

"திறக்கலைன்னா?"

"வீடு போயிடும்."

"அவங்க எப்பதான் முடிவு சொல்வாங்க?"

"அதைத்தான் முடிவு பண்ணிக்கிட்டிருக்காங்க."

நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டதால் நுரை வாய்க்குள் போயிற்று.

நான்காவது அமர்வுக்கு ஆபரேட்டர் ஒரு யோசனையோடு போனாள். அவள் தினம் பார்க்கிற விஷயம்தான். "சார், இது முடிவெடுக்குதா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல காட்டவா?"

தலைவர் யோசித்தார். ஒரு நிமிஷம் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிஸ்கட் வரத் தாமதமானதால் தலையாட்டினார்.

அவள் ஒரு மெல்லிய குழாயால் சிவப்புப் பொடி கலந்த தண்ணீரை எக்காளத்தின் வாய்ப்பக்கம் லேசாகப் பீய்ச்சினாள். எக்காளம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. மறுபடி பீய்ச்சினாள். வாயைச் சுற்றியிருந்த மயிரிழைகளை எதிர்ப்பக்கம் ஆட்டிப் பொடியைத் தள்ளிவிட்டது. மறுபடியும் பீய்ச்சினாள். வெடுக்கென்று சுருங்கி உருண்டையாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல நீண்டது. விடாமல் பீய்ச்சினாள். இரண்டு மூன்று தரம் சுருங்கிப் பார்த்த எக்காளம், பிடித்திருந்த இடத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு நீந்திப் போயே போய்விட்டது.

"பாருங்க சார். முதல்ல நகர்ந்து பார்க்குது, அப்புறம் தள்ளிப் பார்க்குது, அப்புறம் பதுங்குது. ஒண்ணும் சரிப்படலைன்னா இடத்தையே காலி பண்ணிடுது. ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி பண்ணாது. சிலது நேரா சுருங்கும். ஆனா எதுவும் எடுத்த எடுப்புல ஓடாது. மூளையே இல்ல, நரம்பும் இல்ல, ஒரே ஒரு செல்லு. இதுக்கு நம்ம மாதிரி நெனப்பு இருக்கான்னு எனக்குத் தெரியாது சார். ஆனா முடிவெடுக்குது."

ஸ்டெனோ மட்டும் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் தலைவர்.

"ரெண்டு நிமிஷம் சார்."

"ரெண்டு நிமிஷத்துல எடுக்கிறது முடிவே இல்லம்மா. அவசரம். யார்கிட்டயாவது கலந்துக்கிச்சா? முன்னுதாரணம் பார்த்துச்சா? கீழே இருக்கிறவன் எழுதி, மேலே இருக்கிறவன் திருப்பி அனுப்பி, நடுவுல ஒரு பேப்பராவது தொலைஞ்சுதா? ஒண்ணும் இல்ல. இடம் பிடிக்கலைன்னா போயிட்டே இருக்கு! இந்த மாதிரி பொறுப்பில்லாத உயிருக்கு உணர்வு இருக்கும்னு எனக்குத் தோணல. ஆனா அதையும் நான் முடிவாச் சொல்லல."

சொல்லவில்லை என்பதை ஸ்டெனோ பதிவு செய்துகொண்டார். குடுவை 790.

ஐந்தாவது அமர்வன்று குடுவை 960 காட்டியது. அதாவது அரைமணி நேரம் வைத்தும் ஒன்றும் படியவில்லை. தொட்டி முழுக்கக் கசடு திரண்டு, காற்று போதாமல் திணறியது. காலையில் மோந்து பார்த்த ஆபரேட்டருக்குத் தலை சுற்றியது. அழுகிய முட்டை அல்ல, முட்டைக்கிடங்கே அழுகியதுபோல ஒரு வாடை.

ஆணையம் அன்று 'முடிவு' என்ற சொல்லுக்கு வரையறை செய்ய உட்கார்ந்தது. ஜன்னல் வழியாக முதல் வீச்சு வந்ததும் மூவரும் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். தலைவர் வரையறையின் முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வீச்சு வந்தது. மூவரும் கோப்புகளை எடுத்து மூக்குக்கு முன்னால் விசிறினார்கள். மூன்றாவது வந்தபோது பேராசிரியர் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உருண்டையானார். சட்ட ஆலோசகர் மேல்சட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார்கள். நான்காவது வீச்சு வந்தது. மூவரும் நாற்காலியை விட்டுப் பிய்த்துக்கொண்டு, பிஸ்கட்டைக்கூட எடுக்காமல், வண்டியைப் பார்த்து ஓடினார்கள்.

ஆபரேட்டர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அவளும் இத்தனை நாளாகச் சாய்ந்து பார்த்தாயிற்று, சொல்லிப் பார்த்தாயிற்று, வாயை மூடிக்கொண்டு சுருங்கியும் பார்த்தாயிற்று. வீட்டையும் கடையையும் நானூறு வீடுகளையும் விட்டு நீந்திப் போக அவளுக்கு இடமில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

தொட்டிப் பக்கம் இறங்கிப் போனாள். வால்வு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் உதைத்துத் திருகினாள். குழாய் ஒரு முறை குலுங்கி, ஏப்பம் விட்டு, கசடைக் காயப்போடும் களத்துக்குக் கொட்ட ஆரம்பித்தது. தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

நாலு நாளில் குடுவை 350-க்கு வந்தது. ஈர மண் வாடை திரும்பியது. ஐந்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஆணையத்தின் தலைமை அலுவலகத்தில், கம்பளம் விரித்த பெரிய அறை. தலைவர் கேட்டார். "வால்வு திறந்திருக்கு. திறக்கறதுன்னு முடிவெடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். சட்ட ஆலோசகர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "அதிகாரப் பட்டியல்ல ஆபரேட்டர் பதவிக்கு முடிவெடுக்கும் திறன் கொடுக்கப்படலை சார். இல்லாத திறனை இவங்க பயன்படுத்தியிருக்க முடியாது."

"நான் திறந்தேன் சார். இந்தக் கையால."

"கை திறந்திருக்கலாம். முடிவு எடுத்தது யாருங்கிறதுதான் கேள்வி," என்றார் பேராசிரியர்.

"நான் சார்! நான்தான் முடிவெடுத்தேன்!"

தலைவர் ஸ்டெனோ பக்கம் திரும்பினார். "சாட்சி பதில் சொல்லலைன்னு போட்டுக்கோங்க."

ஸ்டெனோ பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "சார், அவங்க சத்தமாவே சொல்றாங்களே," என்றார்.

"சத்தம்னு போட்டுக்கோங்க."

பிறகு தலைவர் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். "நிலையத்துல ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கு. நாங்க எடுக்கலை. அது ஊருக்கே தெரியும். ஆபரேட்டரால எடுக்க முடியாது. பாக்கி இருந்தது யாரு?"

பேராசிரியர் மெல்ல எழுந்து நின்றார். அவர் கண்கள் பளபளத்தன. "தொட்டி, சார்!"

அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிக்கை அந்த மாதமே வெளியானது. ஒருசெல் உயிரிகளுக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நெருக்கடி முற்றியபோது ஊர்நலன் கருதி அவை தாமாகவே வெளியேறின என்று அதில் இருந்தது. தொட்டிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. 'சம்பவத்தின்போது ஒரு பணியாளர் அருகில் இருந்தார்' என்று அடிக்குறிப்பில் ஆபரேட்டருக்கும் ஒரு வரி கிடைத்தது.

அவள் வீட்டுக்கு வந்து அந்த அறிக்கையைக் கடை நாற்காலியில் விட்டெறிந்தாள். வேலை போகவில்லை என்ற சந்தோஷம் எங்கோ இருந்தது, ஆனால் மேலே வரவில்லை.

"புழு பூச்சிக்குக்கூட புத்தி இருக்குன்னு எழுதிட்டாங்க. எனக்கு இல்லையாம். நான் பக்கத்துல நின்னேனாம்."

கணவன் முழுதும் படித்தான். சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. பிறகு சோப்பை எடுத்து, கடையின் பெரிய கண்ணாடியில், வாடிக்கையாளர் முகம் தெரியும் இடத்துக்குச் சற்று மேலே எழுதினான்: 'வால்வைத் திறந்தது என் வீட்டுக்காரி.' அதற்குப் பிறகு முடிவெட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அந்த வரிக்கு அடியில்தான் தங்கள் தலையைப் பார்த்தார்கள். தெருவில் அவளைக் கண்டால் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்கள்.

அடுத்த வாரம் புதிய உத்தரவு வந்தது. இனி நிலையம் பற்றிய எல்லா முடிவுகளையும் தொட்டியே எடுக்கும். ஆபரேட்டர் தினமும் நுண்ணோக்கியில் பார்த்து, தொட்டியின் முடிவைத் தெரிந்து, அதற்கென்று தரப்பட்ட பதிவேட்டில் எழுத வேண்டும். அதில் குறுக்கிட எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.

ஆபரேட்டர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முறைக்கு நாலு முறை படித்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். 'காற்று ஊதும் பழைய இயந்திரத்தை மாற்றுவதென்று தொட்டி முடிவு செய்தது.' ஆறு வருஷமாக அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த இயந்திரம் ஒன்பதாம் நாள் வந்து இறங்கியது. அடுத்து, ஆய்வறைக்கு மின்விசிறி, ஓட்டையில்லாத ரப்பர் பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று ஆள், கதவோரம் நிற்பவர்களுக்கு ஒரு நாற்காலி என்று தொட்டி வரிசையாக முடிவுகள் எடுத்தது. எல்லாம் மறுபேச்சில்லாமல் நடந்தன. சுற்றுவட்டாரத்தில் இத்தனை தெளிவாக நிர்வாகம் செய்யும் தொட்டி வேறில்லை என்று பேச்சு எழுந்தது. பக்கத்து ஊர் அதிகாரிகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். வரும்போது அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற மரியாதையாம்.

ஒரு நாள் மத்தியானம் ஆணையத் தலைவரே வந்தார். தனியாக, வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு. தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். ஆபரேட்டர் புது நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"ஏம்மா... இந்த மாசத்தோட என் பதவிக்காலம் முடியுது. நீட்டிக்கலாமா வேண்டாமான்னு மேலிடத்துல தொட்டியோட கருத்தைக் கேக்கறாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?"

ஆபரேட்டர் உள்ளே போனாள். ஒரு சொட்டை எடுத்து வைத்துக் குனிந்தாள். பெரிய, நீலப்பச்சை எக்காளம் ஒன்று தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. மின்விசிறிக் காற்றில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடுச்சு சார்."

தலைவரின் முகம் தொங்கிப்போயிற்று. "காரணம் ஏதாவது?"

"கேட்டேன் சார். திரும்பிக்கூடப் பார்க்காம போயிடுச்சு."

தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழுப்புத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அதற்குப் பதில் ஒரு பெருமிதம் ஊறியது.

"காரணமே சொல்லலை பாரு," என்றார் தழுதழுத்த குரலில். "பெரிய அதிகாரிம்மா அது!"